எலும்பில் தங்கியது

அந்தத் தெருவில் அவரைப் பேட்டரிக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். வாடகை வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதுதான் பட்டறை. உயிர்விட்ட வண்டி பேட்டரிகளெல்லாம் அங்கே வந்து சேரும். மேலே பூசியிருக்கும் தாரைச் சூடு காட்டிச் சுரண்டி எடுப்பார். ஆசிட்டை வடிப்பார். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி நல்லது கெட்டது பிரிப்பார். தேறாததை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, அச்சில் ஊற்றிப் புது முனைகள் வார்ப்பார். அவர் கைபட்ட பேட்டரி நின்று பேசும் என்று லாரிக்காரர்கள் தேடி வந்தார்கள்.

கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்து பிறந்த ஒரே மகள். நடக்கத் தொடங்கும் முன்பே பேசத் தொடங்கியவள், அப்புறம் வாயை மூடவே இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பிக்கும் கதை, தூக்கத்தில் பாதியில் நிற்கும். அவர் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார். பேட்டரிக்காரர் வீட்டு ரேடியோ நிற்காமல்தானே பாடும் என்று எதிர்வீட்டு டெய்லர் சொன்னது தெரு முழுக்கச் சுற்றி, கடைசியில் அவர் காதுக்கே புது ஜோக் மாதிரி வந்து சேர்ந்தது.

மகள் விஷயத்தில் அவருக்கு ஒரே பயம், ஆசிட். வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இடுப்பளவு உயரத்துக்குப் பலகை அடித்து வைத்திருந்தார். அதைத் தாண்டி அவள் கால் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோடா உப்பு போட்டு, சோப்பு போட்டு, மறுபடியும் தண்ணீர் விட்டுக் கழுவுவார். அப்புறம்தான் பிள்ளையைத் தொடுவார். சட்டையை மாற்ற வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை. தூசிதானே. உதறினால் போகிற தூசி. அந்தச் சட்டையோடு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அவள் காலர் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கிப்போவாள். ஒரு சொட்டு ஆசிட்கூட மகள்மேல் பட்டதில்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

நாலு வயதில் அவளுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. வரும், போகும். பூச்சியாக இருக்கும் என்று தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாள் வலி இல்லை. அப்புறம் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். வெளிக்குப் போவது ஒரு பெரும்பாடாகிவிட்டது. முகம் வெளுத்துப்போயிற்று. இன்னொரு டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து டானிக் எழுதினார். பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் ரத்தம் ஏறவில்லை. குழந்தை டானிக்கைத் துப்பிவிடுகிறதோ என்று அவர் மனைவிமேல்தான் எரிந்து விழுந்தார்.

எப்போது அவள் பேச்சு குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குழாய் சொட்டுவது நின்றால் உடனே காதில் படுகிறதா என்ன? பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், அதனால் அடங்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். போன வருஷம் எழுதிய எழுத்துகளை இந்த வருஷம் கேட்டால் விழிக்கிறாள், விளையாட்டில்கூடக் கால் தடுக்கி விழுகிறாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அவருக்கு மானம் போன மாதிரி இருந்தது. தன்னுடைய மகளா, எட்டு மாசத்தில் பேசியவளா?

அன்று சாயங்காலம் பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு அவளை எதிரே உட்காரவைத்தார். ஒரு எழுத்தைச் சிலேட்டில் எழுதி என்ன என்று கேட்டார். அவள் பார்த்தாள். மறுபடி கேட்டார். அவள் சிலேட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்து, ஸ்கேலால் உள்ளங்கையில் ஓங்கி ஒன்று வைத்தார். அதுவரை அவள்மேல் கை ஓங்கியதே இல்லை.

அவள் அழவில்லை. அடிபட்ட கையை மடக்கிக்கொண்டு சொன்னாள்:

"தெரிஞ்சுதுப்பா. இப்ப காணோம்."

சாக்குப்போக்கு சொல்கிறாள் என்று இன்னொரு அடி கொடுத்தார். அந்த இரண்டாவது அடியைப் பற்றி அவர் பின்னால் மனைவியிடம்கூடப் பேசியதில்லை.

அதற்கு அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் வாசற்படியிலேயே சரிந்து விழுந்தாள். கண் மேலே செருகிக்கொண்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டெய்லரின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து, அவளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போதும் அவர் உடம்பில் அந்தப் பட்டறைச் சட்டைதான் இருந்தது.

வலிப்பை ஒருவழியாக அடக்கினார்கள். ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு டாக்டரம்மா வந்து ஆதியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். வயிற்றுவலி, வெளுப்பு, மறதி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பேட்டரி வேலைங்க. சொந்தப் பட்டறை. வீட்டுப் பின்னாலயே."

டாக்டரம்மா அவருடைய கையைப் பார்த்தார். நகக்கண்ணைப் பார்த்தார். பிறகு சட்டைக் காலரைப் பார்த்தார். குழந்தையின் முழங்காலையும் வயிற்றையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, ரத்தத்தை வேறொரு பரிசோதனைக்கு அனுப்பினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, எலும்பு வளருகிற முனையில் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. வயிற்றுக்குள் ரவையைத் தூவின மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள்.

ஈயம் என்றார் டாக்டரம்மா. தூசியாக வாய்க்குள் போயிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்காக. ரத்தம் ஊறுகிற இடத்திலேயே அது கைவைத்துவிடும். அதனால்தான் எத்தனை டானிக் குடித்தும் பலனில்லை. குடலைப் பிசையும், அதுதான் வயிற்றுவலி. மூளை வளருகிற வயதில் அங்கேயும் புகுந்துவிடும். முதல் டாக்டர் வயிற்றைப் பார்த்தார், இரண்டாமவர் வெளுப்பைப் பார்த்தார். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது யாருக்கும் தோன்றவில்லை. உடம்பு தன்னால் முடிந்தவரை ஈடுகொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. இதற்குமேல் முடியாது என்றானபோது விழுந்துவிட்டது.

"போன வாரம்கூட ஓடி விளையாடினாளேங்க," என்றார் அவர்.

"நோய் இன்னைக்கு வரலைங்க. இன்னைக்குத்தான் நம்ம கண்ணுல பட்டிருக்கு."

அப்படியானால் எந்த நாள் என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. நாளெல்லாம் அதிலேயே கிடக்கிற தனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் கேட்டார். பெரியவர்கள் உடம்பு விழுங்குவதில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும், குழந்தை உடம்போ பாலில் இருக்கும் சத்தென்று நினைத்து அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. கூடவே, நீங்களும் தப்பிவிட்டதாக நினைக்காதீர்கள், உங்களுக்கு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

ஈயத்தைச் சேர்த்துப் பிடித்து வெளியே தள்ளுகிற ஊசி தொடையில் போட்டார்கள். தினமும் அந்த நேரத்துக்கு அவர் வராந்தாவில் போய் நின்றுகொள்வார். உள்ளேயிருந்து வரும் அலறல் வராந்தா முழுக்கக் கேட்கும். மனைவிதான் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். ரத்தத்தில் ஈயம் இறங்கியது. ஊசியை நிறுத்தினால் மறுபடி ஏறியது. எலும்புக்குள் பதுங்கியிருப்பது ரத்தத்துக்கு வந்துவிடுகிறது என்றார்கள். மறுபடி ஊசி, மறுபடி அலறல்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், மனைவி வார்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தத்திலிருந்து போனாலும் எலும்பில் இருப்பது சீக்கிரத்தில் போகாது, பல வருஷம் சும்மா கிடக்கும். இவள் பெரியவளாகிப் பிள்ளை உண்டானால், வயிற்றுப் பிள்ளைக்காக இவள் எலும்பு கரைந்துகொடுக்கும். அப்போது அதுவும் சேர்ந்து வரலாம். அந்த நேரத்தில் டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் தலையை ஆட்டினார். ஆறு வயதுப் பெண்ணைப் பற்றிப் பிரசவம் என்று பேசியது அவருக்கு அபசகுனம் மாதிரி பட்டது. மனைவியிடம் அதைச் சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டார்.

பட்டறையை மூடினார். ஊரின் மறுகோடியில் வேறு வீடு பார்த்துக் குடிபோனார்கள். பாய், தலையணை, பழைய துணி எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். அவர் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலைக்குப் போனார். சும்மா தண்ணீர்தான், ஆனாலும் வீட்டு வாசலிலேயே குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். பக்கத்து வீட்டார் அவரைச் சுத்தக்காரர் என்று கேலி செய்தார்கள்.

மகளுக்கு வயிற்றுவலி போயிற்று, முகத்தில் ரத்தம் ஏறியது. நன்றாகச் சாப்பிட்டாள், வளர்ந்தாள். ஆனால் போன எழுத்துகள் முழுசாகத் திரும்பவில்லை. படித்தது மறுநாள் நிற்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். கேட்பவர்களிடம், சின்ன வயதில் விஷக்காய்ச்சல் வந்து வலிப்பு வந்தது என்று பெற்றவர்கள் சொல்லி வைத்தார்கள். அவளிடமும் அதையேதான் சொன்னார்கள். விவரம் தெரிகிற வயது வரட்டும் என்றாள் மனைவி. அந்த வயது வந்தபோது, கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் எதற்கு என்றாள். அவருக்கும் அது வசதியாக இருந்தது. சொல்லாமல் தள்ளிப்போட ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அவள் ஒரு பேக்கரியில் பாக்கெட் போடும் வேலைக்குப் போனாள். ஒவ்வொரு பெட்டியையும் உதடு அசைய மூன்று தடவை எண்ணுவாள். அவள் போட்ட பெட்டியில் மட்டும் கணக்குப் பிசகாது என்று முதலாளி சொல்வதாக வந்து சொல்வாள். அந்த மூன்று தடவை எதனால் என்று அவருக்குத் தெரியும். அதே பேக்கரியில் வேன் ஓட்டுகிற ஒரு பையன், அதிர்ந்து பேசாதவன், அவளைக் கேட்டு வந்தான். கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை அவளைத் தாங்கினான்.

உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்த அன்று, மனைவி சந்தோஷத்தில் அழுதாள். அவருக்கு அந்த டாக்டரம்மா சொல்லியனுப்பியது ஞாபகம் வந்தது. மறுநாளே சொல்லிவிட வேண்டும் என்று மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளையின் அம்மா இருந்தார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? பழம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அடுத்த தடவை மகள் தலைசுற்றலோடு படுத்திருந்தாள். அதற்கடுத்த தடவை, நாக்கு நுனி வரை வந்ததைக் காப்பியோடு விழுங்கிவிட்டு வந்தார். மகளுக்கு வயிறு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னாச்சு உங்களுக்கு? பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க," என்று மனைவி பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் டாக்டரம்மா தனியாகச் சொன்னதை அவளிடம் சொன்னார். "நான்தானே அவ காலைப் பிடிச்சுக்கிட்டேன். என்கிட்டகூடச் சொல்லலையே," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனபோது மகள் தனியாக இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். பட்டறை, தூசி, சட்டை, வலிப்பு, ஊசி, எலும்பு. ஸ்கேலால் அடித்ததைச் சொல்ல வந்து, சொல்ல முடியாமல் விட்டுவிட்டார். அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் பொறந்தப்பவே மக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

அவர் தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"பொறவியிலேயே மக்கு மண்டைன்னு நினைச்சுட்டு இருந்தேன். இந்தக் குழந்தைக்கும் அதே மண்டை வந்துடுமோன்னு தினம் பயம்பா. அவர்கிட்டகூடச் சொல்லல. சொன்னா வருத்தப்படுவாரேன்னு."

எட்டு மாசத்திலேயே பேசினாய், தெருவே உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொன்னால் அவள் இழந்தது எவ்வளவு என்று அவளுக்கே அளந்து காட்டுவது போல ஆகும் என்று தோன்றியது. சும்மா இருந்துவிட்டார். ஈயத்தைப் பற்றி அன்றைக்கு அவருக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் தெரிந்த பிறகு இத்தனை வருஷம் தன்னை மக்கு என்று அவளே நம்பும்படி விட்டது எந்தத் தூசி? அந்தக் கேள்வியிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அவருக்கு இடம் இருக்கவில்லை.

அவள் துண்டைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. நீங்களே டாக்டர்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா பாதி மறந்துடுவேன்."

போனார். இளவயது டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். ரத்தப் பரிசோதனையில் ஈயம் இருக்க வேண்டியதைவிட அதிகமாகத்தான் இருந்தது, ஆனால் தலைக்கு மேல் போய்விடவில்லை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் பாலும் தவறாமல் கொடுத்தால் எலும்பு கரைவது குறையும், ஈயம் இறங்கிவருவதும் குறையும் என்றார். எழுதிக்கொண்டே, யாரையும் குறை சொல்லாத குரலில், ஆரம்ப மாதத்திலேயே தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பேத்தி கொஞ்சம் எடை குறைவாகப் பிறந்தாள். தொப்புள்கொடி ரத்தத்திலும் ஈயத்தின் சாயல் இருந்தது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றுமே ஆகாது என்று எழுதித் தர முடியாது, வளர வளரப் பார்த்துக்கொண்டே வர வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளையிடம் மகளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் மாமனாரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பு போலவே வேனைக் கொண்டுவந்து அவரை ஏற்றிக்கொண்டு போனான்.

மகள் அவரையும் விடவில்லை. சட்டைப் பொத்தான் போட அவர் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம் பாதி தேய்ந்திருக்கிறது, விரல் நரம்புகள் தளர்ந்திருக்கின்றன. அது தனக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். மாத்திரையை ஒளித்து வைத்தார். அவள் கண்டுபிடித்து, தினமும் வந்து மூன்று தடவை எண்ணிக் கையில் கொடுத்தாள். பேச்செல்லாம் மாத்திரை, சாப்பாடு, பிள்ளைக்குப் பல் முளைத்தது இவற்றோடு நின்றுவிடும். மன்னித்துவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

பேத்தி தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்திருந்த சமயம், மகள் திடீரென்று கேட்டாள். "பட்டறையை மூடினப்போ அந்தச் சாமானெல்லாம் என்ன பண்ணீங்க?"

சட்டியையும் அச்சையும் மீதிக் கட்டி ஈயத்தையும், பழைய வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொரு பேட்டரிக்காரரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"ஏன் மூடறீங்கன்னு அவர் கேக்கலையா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"முதுகுவலின்னு சொன்னேன்."

மகள் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவரும் எழுந்தார்.

அந்த ஆள் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார், தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது. வீட்டு வாசலிலேயே சட்டி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில், உடைத்துப்போட்ட கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே, மூன்று வயதிருக்கும் ஒரு குழந்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தது. பேரன் என்றார். வெகுநாள் கழித்து வந்தவர்களை உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. நின்றபடியே, அப்போது முதுகுவலி என்று சொன்னது பொய் என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். மகளைக் கையால் காட்டிச் சொல்ல வேண்டிய இடத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தை மகளே சொன்னாள்.

அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சட்டியிலிருந்த கசடை அகப்பையால் ஒதுக்கினார். தன் பிள்ளைகள் இரண்டு பேரும் இதிலேயே பிறந்து இதிலேயே வளர்ந்தார்கள், பெரியவன் படிப்பு ஏறாமல் போனானே தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். சொல்லி முடித்துவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்தது போலக் கொஞ்ச நேரம் அகப்பையோடு நின்றார்.

கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த ஆளின் மருமகள் படியிறங்கி வந்தாள். குழந்தையைத் தூக்கி, அதன் வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டு, குழாயடிக்குக் கொண்டுபோனாள். பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்று அங்கிருந்தே கேட்டாள். மகள் ஆஸ்பத்திரியின் பேரையும், போக வேண்டிய அறையையும், எந்தக் கிழமை என்பதையும் நிதானமாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள்.